"லிங்க்கை அவங்களுக்கு மட்டும்தானே அனுப்பினோம்?"

ஜூலை கடைசி வாரம் வந்தாலே ஆடிட்டர் ஆபீஸ்களிலிருந்து எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை லேப்டாப் எடுக்கவில்லை, பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது, நெட் இழுக்கிறது, இப்படி ஏதாவது. இந்த முறை வந்த போன் வேறு மாதிரி. திருப்பூரில் ஒரு சின்ன ஆபீஸ். "யாரோ நம்ம டிரைவை ஹேக் பண்ணிட்டாங்க, உடனே வாங்க" என்றார் ஆடிட்டர்.

போய்ப் பார்த்தால் ஹேக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கிளையண்ட்டுகளின் காகிதங்களை வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக வாங்கி அலுத்துப்போன அசிஸ்டென்ட் ஒருவர், கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, லிங்க் வைத்திருக்கும் எவரும் எடிட் செய்யலாம் என்று மாற்றி, அந்த ஒரே லிங்க்கை நாற்பது கிளையண்ட்டுகளுக்கும் அனுப்பியிருக்கிறார். அவரவர் பான் கார்டு, ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட், வீட்டுக்கடன் சான்றிதழ் என்று வரிசையாகப் போட்டார்கள். போட்டவர்கள் அடுத்தவர் போட்டதையும் பார்த்தார்கள். அந்த நாற்பதில் ஒரே கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்யும் இரண்டு பேர் உண்டு. ஒருவருடைய ஓவர்டிராஃப்ட் எவ்வளவு என்பது இன்னொருவருக்குத் தெரிந்து, அது ரேட் பேசும் இடத்தில் வெளியே வந்து, சண்டையாகி, அதற்குப் பிறகுதான் ஆடிட்டர் காதுக்கு விஷயம் வந்திருக்கிறது.

எல்லாவற்றையும் காட்டி முடித்த பிறகும் அவர் கேட்டது இதைத்தான்: "ஆனா லிங்க்கை நம்ம கிளையண்ட்டுகளுக்கு மட்டும்தானே அனுப்பினோம்?"

இந்த வாசகத்தை இந்த வருஷம் ஐந்தாவது முறையாகக் கேட்கிறேன். பள்ளியில் கேட்டேன், அபார்ட்மென்ட் சங்கத்தில் கேட்டேன், சம்பள ஷீட்டை சூப்பர்வைசர்கள் குரூப்பில் போட்ட கம்பெனியில் கேட்டேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆடிட்டரிடம் அவர் பாஷையிலேயே சொன்னேன். 'எனிஒன் வித் த லிங்க்' என்று போட்டால் அது பேரர் செக். யார் கையில் இருக்கிறதோ அவருக்குப் பணம். நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கவுண்டரில் கேட்க மாட்டார்கள். 'ரெஸ்ட்ரிக்டட்' போட்டு ஈமெயில் முகவரி சேர்த்தால்தான் அது இரண்டு கோடு போட்ட அக்கவுண்ட் பேயி செக். நாற்பது பேருக்கு பேரர் செக் கொடுத்துவிட்டு, அவர்கள் மட்டும்தான் மாற்றுவார்கள் என்று நினைப்பது என்ன நியாயம்? அதிலும் அவர் விஷயத்தில் லிங்க் வெளியே போகவே தேவைப்படவில்லை, அந்த நாற்பது பேரே ஒருவருக்கொருவர் வெளியாள்தான்.

இதற்கு வழக்கமாக வரும் எதிர்வாதம், "அவ்வளவு நீளமான லிங்க்கை யார் சார் கண்டுபிடிக்கப் போறாங்க?" சரி, நியாயம்தான். டிரைவ் லிங்க்கில் இருக்கும் அந்த எழுத்துக் கோவையை உட்கார்ந்து ஊகிக்க முடியாது. ஆனால் யாரும் ஊகிக்க வேண்டியதே இல்லையே, நாமே கொண்டுபோய்க் கொட்டுகிறோமே! கூகுள் டிரைவ் மாதிரியே கோப்புகளை வைத்து ஷேர் செய்யும் டிராப்பாக்ஸில் 2014இல் நடந்ததைக் கேளுங்கள். ஷேர் செய்த ஆவணத்துக்குள் வேறொரு வெப்சைட்டின் லிங்க் இருந்து, படிப்பவர் அதை அழுத்தினால், "இந்த ஆள் எங்கிருந்து வந்தார்" என்று பிரவுசர் அந்த வெப்சைட்டுக்குச் சொல்லும் தகவலோடு டிராப்பாக்ஸின் ரகசிய லிங்க்கும் சேர்ந்து போய்விட்டது. அதை அவர்கள் அடைத்தார்கள். ஆனால் அதே சமயம் வெளிவந்த இன்னொரு வழியை எந்தக் கம்பெனியாலும் அடைக்க முடியாது. மக்கள் ஷேர் லிங்க்கை முகவரிப் பட்டையில் போடாமல் கூகுள் தேடல் பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள். தேடலில் விளம்பரம் கொடுத்திருந்த இன்ட்ராலிங்க்ஸ் என்ற நிறுவனம் தன் விளம்பரக் கணக்கைத் திறந்து பார்த்தால், தேடிய சொற்கள் என்று வந்து விழுந்திருப்பவை முழு லிங்க்குகள். திறந்தால் யாருடைய வருமான வரிப் படிவமோ, யாருடைய வீட்டுக்கடன் விண்ணப்பமோ. ஆக, வரிக் காகிதம் இப்படி வெளியே போவது திருப்பூரில் தொடங்கியது ஒன்றும் இல்லை.

2018 ஜூலையில் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தேடுபொறியில் கூகுள் டாக்ஸ் கோப்புகள் தேடல் முடிவுகளாகவே வந்து நின்றன, பாஸ்வேர்டு எழுதி வைத்திருந்த ஷீட்டுகள் உட்பட. எல்லாம் யாரோ 'லிங்க் இருந்தால் போதும்' என்று திறந்து வைத்தவைதான்.

சில பேர் லிங்க் நீளமாக இருக்கிறதே, பார்க்க அழகாக இல்லையே என்று அதைச் சுருக்கி வேறு அனுப்புகிறார்கள். ஊகிக்க முடியாது என்ற அந்த ஒரே பாதுகாப்பும் அதோடு போயிற்று. கார்னெல் டெக் என்ற அமெரிக்கக் கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் ஒருவரும் இன்னோர் ஆராய்ச்சியாளரும் 2016இல் இதைச் செய்தே காட்டினார்கள். ஐந்தாறு எழுத்துச் சுருக்க லிங்க்குகளை வரிசையாகத் தட்டிப் பார்த்து, முன்பின் தெரியாதவர்களின் ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் டிரைவ்) ஃபோல்டர்கள் வரை போய்விட்டார்கள். அப்படிக் கிடைத்த ஃபோல்டர்களில் சுமார் 7 சதவீதத்தில் அவர்கள் நினைத்திருந்தால் கோப்புகளைப் போடவும் முடியும். போட்டால் அது சிங்க் ஆகி உரிமையாளரின் கம்ப்யூட்டருக்கே போய் இறங்கும். ஒன்டிரைவில் இருந்த லிங்க் சுருக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் அந்த வருஷமே எடுத்துவிட்டது. நீங்கள் இன்னும் சுருக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்த வில்லங்கம், நான் போவதற்கு முன்பே அசிஸ்டென்ட் செய்து வைத்திருந்த 'சரிசெய்தல்'. சண்டை வந்ததும் ஃபோல்டரை ரெஸ்ட்ரிக்டட் ஆக்கிவிட்டார், நல்ல காரியம். ஆனால் மறுநாள் நாலு கிளையண்ட் திறக்கவில்லை என்றதும் மறுபடி திறந்து, "புது லிங்க்" எடுத்து அந்த நாலு பேருக்கு மட்டும் அனுப்பினார். அது புது லிங்க் இல்லை. டிரைவில் லிங்க் என்பது அந்தக் கோப்பின் அடையாள எண்தான், எத்தனை முறை மூடித் திறந்தாலும் அதே எண். முதல் நாள் அனுப்பிய நாற்பது லிங்க்கும் அந்த நொடியில் உயிர் பெற்றுவிட்டன. பூட்டை மாற்றியதாக நினைத்துக்கொண்டு பழைய பூட்டையே திறந்து வைத்திருக்கிறார். டிராப்பாக்ஸில் லிங்க்கை நீக்கிவிட்டு வேறு போட்டால் பழையது செத்துவிடும், ஒன்டிரைவிலும் லிங்க் என்பது தனிச்சரக்கு, ஒன்றை மட்டும் வெட்டிவிடலாம். கூகுள் இதை மட்டுமாவது மாற்றித் தொலைக்கக் கூடாதா? 2021இல் பழைய லிங்க்குகளின் வாலில் கூடுதலாக ஒரு சாவி சேர்த்தார்கள், அவ்வளவு மெனக்கெட்டவர்களுக்கு ஆளுக்கொரு லிங்க், வேண்டாதபோது அதை மட்டும் வெட்டும் வசதி என்று கொடுப்பது முடியாத காரியமா?

அந்த அசிஸ்டென்ட்டை நான் திட்டவில்லை. டிரைவில் புதிதாகப் போடும் கோப்பு ரெஸ்ட்ரிக்டடாகத்தான் பிறக்கிறது, யாரும் வேண்டுமென்று திறப்பதில்லை. கிளையண்ட் ஒரு ஜிமெயிலைக் கொடுத்திருப்பார், போனில் வேறு ஜிமெயில் இருக்கும், அனுமதி கேட்கச் சொல்லித் திரை வரும், அவர் அதைப் போட்டோ எடுத்து அனுப்பி "ஓபன் ஆகலம்மா" என்பார். ஒரே நாளில் இப்படி இருபது போன் வந்தால் யாராக இருந்தாலும் அந்த ஒரு பொத்தானை மாற்றித்தான் விடுவார்கள். குறை அங்கே இருக்கிறது. மெயிலுக்கு ஓடிபி அனுப்பி ஆளைச் சரிபார்த்து உள்ளே விடும் முறை ஆபீஸ் கணக்குகளில் இருக்கிறது, சாதாரணக் கணக்குக்கும் அதையே முதல் தேர்வாக வைக்கலாம். லிங்க் போடும்போதே முப்பது நாளில் காலாவதி என்று தானாக விழ வேண்டும், வேண்டுமென்றால் நீட்டித்துக்கொள்ளட்டும். டிராப்பாக்ஸிலும் ஒன்டிரைவிலும் காலக்கெடுவும் பாஸ்வேர்டும் போட சந்தா கட்ட வேண்டியிருக்கிறது. கதவு இலவசம், தாழ்ப்பாளுக்குக் காசு!

சரி, அவர்கள் மாற்றும்வரை நாம் காத்திருக்க முடியாது.

ஆவணம் வாங்குவதற்கு ஷேர் ஃபோல்டரைப் பயன்படுத்தாதீர்கள். டிராப்பாக்ஸில் 'ஃபைல் ரெக்வெஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது, கோயில் உண்டியல் மாதிரி: போடலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. கூகுள் ஃபார்மில் கோப்பு பதிவேற்றும் கேள்வி வைத்தாலும் இதே வேலை நடக்கும், என்ன, நிரப்புபவர் ஜிமெயிலில் நுழைந்திருக்க வேண்டும். திரும்பக் கொடுக்க வேண்டியதை ஆளுக்கொரு ஃபோல்டரில், அவர் மெயிலைச் சேர்த்துக் கொடுங்கள். நாற்பது பேர் என்றால் நாற்பது ஃபோல்டர், ஒரு மதியத்து வேலை.

திறந்து வைத்த ஃபோல்டருக்குள் எதை நகர்த்தினாலும் அதுவும் திறந்துவிடும், மறக்காதீர்கள். 'வியூ ஒன்லி' கொடுத்தேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், பார்ப்பவர் டவுன்லோட் செய்யலாம், அதைத் தடுத்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். ஷீட்டில் ஆதார் எண் இருக்கும் நெடுவரிசையை மறைத்துவிட்டு அனுப்புகிறார்கள் சில புத்திசாலிகள், ஒரு காப்பி எடுத்தால் மறைத்தது எல்லாம் தெரியும். ஆதாரே கேட்காமல் வேலை நடக்குமானால் கேட்காதீர்கள், கேட்டே ஆக வேண்டுமென்றால் முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதார் போதுமா என்று பாருங்கள்.

இன்று இரவே ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி உங்கள் டிரைவைத் திறந்து, பெயருக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் படம் இருக்கும் கோப்புகளை மட்டும் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய டூர் போட்டோ இருக்கலாம், பரவாயில்லை. வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் இருந்தால் உடனே மூடுங்கள். தயவுசெய்து.

ஆடிட்டர் ஆபீஸில் பழைய ஃபோல்டரை மூடினோம், அதை இனி எந்தக் காரணத்துக்கும் திறப்பதில்லை என்று முடிவு. ஆனால் அதற்குள் டவுன்லோட் ஆனவை ஆனவைதான், அதை எந்தப் பொத்தானும் திருப்பித் தராது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்பதை ஓர் ஆடிட்டருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் சொன்னது ஒன்றுதான்: நாற்பது பேரையும் நீங்களே கூப்பிட்டு, உங்கள் காகிதங்களை மற்றவர்கள் பார்த்திருக்கக்கூடும் என்று சொல்லிவிடுங்கள், அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டாம். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஓவர்டிராஃப்ட் வெளியே தெரிந்துபோன அந்த ஜாப் ஒர்க்காரர் நம்பரைத்தான் முதலில் போட்டார். எடுக்கவில்லை. நேற்று விசாரித்தபோது பன்னிரண்டு பேரிடம் பேசிவிட்டதாகச் சொன்னார்.