தொழிற்சங்கக் கற்றல் பிரதிநிதி: பிரிட்டன் தொழிலாளர்களுக்குச் சட்டம் தரும் உரிமை

பிரிட்டனில், நிர்வாகத்தின் அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம், உறுப்பினர்களின் பயிற்சியையும் படிப்பையும் கவனிப்பதற்கென்றே பணியிடத்தில் ஒருவரைக் கற்றல் பிரதிநிதியாக நியமிக்கலாம். 2002ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் கொண்டுவந்த இந்த ஏற்பாடு, 2003 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

யாருக்கு எந்தப் பயிற்சி தேவை என்று கண்டறிவது, படிப்புகள் பற்றி ஆலோசனை கூறுவது, வகுப்புகளுக்கு ஏற்பாடு செய்வது, நிர்வாகத்துடன் கலந்து பேசுவது ஆகியவை பிரதிநிதியின் பணிகள். இவற்றுள் முதலாவதுதான் மிக நுட்பமானது. எழுத்தோ கணக்கோ சரளமாக வராத ஒருவர், மேலாளரிடம் சொன்னால் வேலைக்கே ஆபத்து வருமோ என்று அஞ்சி அதை ஆண்டுக்கணக்கில் மறைத்துவைப்பார்; தகுதியிருந்தும் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்காமலே ஒதுங்கிவிடுவார். அவரால் சக தொழிலாளரிடம் மனம்விட்டுப் பேச முடியும் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

பிரதிநிதியின் பெயரைச் சங்கம் நிர்வாகத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அவர் போதிய பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். இல்லையெனில் ஆறு மாதத்துக்குள் பெறவிருப்பதாகச் சங்கம் அறிவிக்க வேண்டும். இவை நிறைவேறினால், தம் பணிகளுக்காகவும் தமக்கான பயிற்சிக்காகவும் வேலை நேரத்தில் நியாயமான அளவு விடுப்பை அவர் ஊதியத்துடன் கோரலாம். நிர்வாகம் மறுத்தால், பொதுவாக மூன்று மாதத்துக்குள் தொழில் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

உறுப்பினர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது. பிரதிநிதியைச் சந்திக்க அவர்களுக்கும் நேரம் கோரும் உரிமை உண்டு என்றாலும், அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே சம்பள இழப்பின்றி இந்த நேரத்தை ஒதுக்குவதற்கு நிர்வாகத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வது சங்கத்தின் முக்கியமான கடமையாகிறது.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய உரிமை இன்னொன்றும் உண்டு. 250 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனத்தில் 26 வாரம் தொடர்ந்து வேலை செய்த ஊழியர், தம் பணித்திறனை வளர்க்கும் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கும்படி எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். இது கேட்பதற்கான உரிமை மட்டுமே. சட்டம் குறிப்பிடும் வணிகக் காரணங்களைக் காட்டி நிறுவனம் மறுக்கவும் முடியும் என்பதால், பயிற்சியால் வேலைக்கு விளையும் பயனை விளக்கி விண்ணப்பத்தை எழுத, கற்றல் பிரதிநிதியின் உதவியை நாடுவது நல்லது.

1998இல் தொடங்கப்பட்ட தொழிற்சங்கக் கற்றல் நிதியத்துக்கு இங்கிலாந்தில் அளித்துவந்த அரசுப் பணம் 2021 மார்ச்சுடன் நிறுத்தப்பட்டது. இது வருந்தத்தக்க முடிவு. ஆயினும் பிரதிநிதிகளின் சட்ட உரிமை அந்த நிதியைச் சார்ந்ததன்று; இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் அது தொடர்கிறது.