எழுதிவைத்த நிலையும் இயங்கும் நிலையும்: பல கிளவுட்கள் தாமாக நிர்வகிக்கப்படும் விதம்

2024 மே மாதத் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் யுனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதி நிறுவனத்தின் உறுப்பினர்கள், 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ ஒரு வாரம் தங்கள் கணக்குகளைப் பார்க்க முடியாமல் தவித்தனர். அந்நிறுவனம் கூகுள் கிளவுடில், அதாவது கூகுள் இணையவழி வாடகைக்குத் தரும் கணினி வசதியில், தனக்கென வைத்திருந்த தனியார் கிளவுட் அழிந்துபோயிருந்தது. யாரும் ஊடுருவவில்லை, எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. அந்தத் தனியார் கிளவுடை அமைத்த சமயத்தில் கூகுளின் உள்கருவி ஒன்றில் ஒரு மதிப்பு நிரப்பப்படாமல் விடப்பட்டிருந்தது. காலியாக இருந்த அந்த இடத்தை, 'ஓராண்டுத் தவணை' என்று கருவி எடுத்துக்கொண்டது. ஓராண்டு முடிந்தது, தானியங்கி அமைப்பு தனக்கிட்ட பணியைச் செய்து முடித்தது. கூகுளின் சேமிப்பகத்தில் தனியாக இருந்த காப்புப்படிகளும், வேறொரு சேவை நிறுவனத்திடம் வைத்திருந்த காப்புப்படிகளும் மீட்புக்குக் கைகொடுத்தன.

பல கிளவுட்களைத் தன்னியக்கமாக நிர்வகிக்கும் தொழில்நுட்பத்தின் ஆற்றலும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது. எழுதிவைத்ததை அது சோர்வின்றி, வேகமாக, அப்படியே நிறைவேற்றும். எழுதாமல் விட்டதையும் ஏதோ ஒரு பொருளில் எடுத்துக்கொண்டு நிறைவேற்றும்.

ஒரு நிறுவனம் தன் சொந்தத் தரவு மையத்தையும், அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவை வாடகைக்குத் தரும் பொதுக் கிளவுடையும் இணைத்துப் பயன்படுத்தினால் அது கலப்புக் கிளவுட் எனப்படுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பொதுக் கிளவுட்களைப் பயன்படுத்தினால் அது பன்முகக் கிளவுட் எனப்படுகிறது. பெரும்பாலான நிறுவனங்கள் இந்த நிலையைத் திட்டமிட்டு அடைவதில்லை. வாங்கிய நிறுவனம் ஒன்று வேறு கிளவுடில் இயங்கிக்கொண்டிருக்கும்; முப்பது ஆண்டுப் பழைய கணக்கு மென்பொருள் பழைய சர்வரைவிட்டு நகர மறுக்கும்; பகுப்பாய்வுக் குழுவினருக்கு வேறொரு கிளவுடின் கருவிதான் பிடித்திருக்கும். சட்டமும் ஒரு காரணம். பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவுக்குள் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் ஆணையிட்டது. அன்று முதல், எந்தத் தரவு எந்த ஊரில் இருக்கிறது என்பது பொறியாளரின் விருப்பத்தோடு முடிகிற செய்தியாக இல்லை.

மூன்று கிளவுட்களும் ஒரே பொருளைத்தானே விற்கின்றன, ஒரே நிரலால் மூன்றையும் ஆளலாமே என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றுவது இயல்பு. உண்மையில் பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறாக இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கணினிகளைத் தனியே இணைக்கும் மெய்நிகர் வலையமைப்பை எடுத்துக்கொள்வோம். அமேசானில் அது ஒரு வட்டாரத்துக்குள், அதாவது ஒரு நிலப்பகுதியில் உள்ள தரவு மையங்களின் தொகுப்புக்குள், அடங்கியது. அதன் உட்பிரிவான சப்நெட் ஒவ்வொன்றும் அவ்வட்டாரத்தின் ஒரேயொரு மண்டலத்துக்கு (வட்டாரத்துக்குள் தனித்து இயங்கும் தரவு மையப் பிரிவுக்கு) உரியது. மைக்ரோசாஃப்டின் அஷூரில் சப்நெட் வட்டாரத்தின் எல்லா மண்டலங்களிலும் பரவியிருக்கும். கூகுளில் வலையமைப்பே உலகளாவியது. சப்நெட் மட்டும் வட்டாரத்துக்கு உரியது. பாதுகாப்பு விதிகளிலும் இதே நிலைதான். அமேசானின் பாதுகாப்புக் குழுக்களில் 'அனுமதி' மட்டுமே எழுத முடியும். அஷூரின் விதிகளில் அனுமதியும் மறுப்பும் முன்னுரிமை எண்களோடு வரும். ஒன்றில் பாதுகாப்பாக இருந்த விதித் தொகுப்பைச் சொல்லுக்குச் சொல் மற்றொன்றில் எழுதினால் கதவு திறந்தே கிடக்கவும் கூடும். இந்த வேறுபாடுகளை முழுவதும் மறைத்து 'எல்லாம் ஒன்றே' என்று காட்டும் கருவிகள் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை என்பது என் கருத்து. வேறுபாடுகளை வேறுபாடுகளாகவே எழுதவிட்டு, எழுதும் முறையையும் சரிபார்க்கும் முறையையும் மட்டும் ஒன்றாக்கும் கருவிகளே நிலைக்கின்றன.

அந்த முறை எப்படிப்பட்டது? தொடக்ககால நிர்வாகிகள் கட்டளைகளை வரிசையாக அடுக்கிய சிறு நிரல்களை எழுதினார்கள்: முதலில் சர்வரை உருவாக்கு, பிறகு வட்டை இணை, பிறகு மென்பொருளை நிறுவு. ஏழாவது கட்டளையில் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் இரண்டாவது சர்வர் ஒன்று முளைத்துவிடும். 1993-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்த இயற்பியலாளர் மார்க் பர்ஜெஸ், சிஎஃப்இன்ஜின் என்னும் மென்பொருளின் வழியாக வேறொரு பாதையைத் திறந்தார். செய்ய வேண்டிய செயல்களை எழுதுவதற்கு மாறாக, கணினி இருக்க வேண்டிய நிலையை எழுதுவது. மென்பொருள் இப்போதைய நிலையைப் பார்த்து, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மட்டும் சரிசெய்வது. ஏற்கெனவே சரியாக இருப்பதை அது தொடாது. ஆகவே ஒருமுறை ஓட்டினாலும் நூறு முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றே. மேல்நிலைத் தொட்டியில் இருக்கும் மிதவை வால்வு, தண்ணீர் எதனால் குறைந்தது என்று கேட்பதில்லை. குறித்த மட்டத்துக்கும் இருக்கும் மட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே அது அறியும், அந்த அளவு அறிவே அதற்குப் போதும்.

இன்றைய கருவிகளான டெராஃபார்ம், குபர்னெட்டீஸ் இரண்டும் இந்தக் கருத்தின் வாரிசுகளே. 2014-இல் ஹாஷிகார்ப் நிறுவனம் வெளியிட்ட டெராஃபார்ம், வேண்டிய நிலையைக் கோப்புகளில் எழுதச் சொல்கிறது. எழுதப்பட்ட பொருள்களுக்கு இடையே உள்ள சார்புகளை அது ஒரு வரைபடமாக அமைக்கிறது. சப்நெட் இல்லாமல் சர்வர் இல்லை, வலையமைப்பு இல்லாமல் சப்நெட் இல்லை. ஆகவே வலையமைப்பு முதலில் வரும், ஒன்றையொன்று சாராதவை ஒரே நேரத்தில் உருவாகும். எதையும் மாற்றுவதற்கு முன், எதைச் சேர்க்கப்போகிறேன், எதைத் திருத்தப்போகிறேன், எதை அழிக்கப்போகிறேன் என்று ஒரு திட்டத்தை மனிதருக்குக் காட்டி ஒப்புதல் கேட்கிறது. ஒவ்வொரு கிளவுடுக்கும் தனித்தனி இணைப்பு மென்பொருள் இருப்பதால், அமேசானின் சர்வரும் கூகுளின் தரவுத்தளமும் சொந்தத் தரவு மையத்தின் மெய்நிகர் இயந்திரமும் ஒரே திட்டத்தில் இடம்பெற முடிகிறது.

செயலிகளைப் பல சர்வர்களில் இயக்கி மேற்பார்க்க கூகுள் 2014-இல் அறிவித்த குபர்னெட்டீஸ் இதே கருத்தை இன்னும் ஒரு படி தள்ளிக்கொண்டு போகிறது. டெராஃபார்ம் யாராவது ஓட்டினால்தான் ஓடும். குபர்னெட்டீஸின் கட்டுப்படுத்திகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். 'இந்தச் செயலி 5 படிகளாக (நகல்களாக) இயங்க வேண்டும்' என்று எழுதிவிட்டால், ஒரு சர்வர் விழுந்து 3 படிகளே மிஞ்சும்போது, நள்ளிரவில் யாரையும் எழுப்பாமல் வேறு சர்வர்களில் 2 படிகளை அது எழுப்பிவிடும். எந்தக் கிளவுடிலும் சொந்த சர்வரிலும் ஏறக்குறைய ஒரே விதமாக இயங்குவதால், கலப்புக் கிளவுடின் பொதுத் தளமாக அது மாறியிருக்கிறது.

இந்த முறையில் மிக எளிதில் பழுதாகக்கூடிய பகுதி, கருவியின் நினைவு. டெராஃபார்ம் தான் உருவாக்கிய ஒவ்வொரு பொருளையும், அதற்குக் கிளவுட் கொடுத்த அடையாள எண்ணோடு, நிலைக்கோப்பு ஒன்றில் குறித்துவைக்கிறது. எழுதியது, நினைவில் இருப்பது, உண்மையில் இயங்குவது ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் அதன் கணக்கு சரியாக வரும். ஒரு பொறியாளர் அவசரத்தில் இணையப் பக்கத்தின் வழியாக ஒரு விதியைக் கையால் மாற்றிவிட்டால், அடுத்த ஓட்டத்தில் கருவி அதைப் பழைய நிலைக்கே திருப்ப முயலும். அந்த மாற்றம்தான் சேவையைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது அதற்குத் தெரியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டினால் நினைவே குழம்பும் என்பதால், நிலைக்கோப்புக்குப் பூட்டு போடுகிறார்கள். கோப்பே தொலைந்துவிட்டால், இயங்கிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான பொருள்களைக் கருவி தன்னுடையவை என்று அடையாளம் காணாது.

எவ்வளவு தன்னியக்கமாக்கினாலும் தூரத்தை மட்டும் வெல்ல முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் பயணம் செய்கிறது. சென்னைக்கும் மும்பைக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர். போய்வர குறைந்தது 10 மில்லிநொடி ஆகும், நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். ஒரு தரவு மையத்துக்குள் இதே பயணம் பெரும்பாலும் 1 மில்லிநொடிக்கும் குறைவு. சென்னையில் ஒரு நிறுவனத்தின் சொந்தத் தரவுத்தளம் இருக்க, அதன் செயலியை மட்டும் மும்பை கிளவுடுக்கு நகர்த்தினால் என்ன ஆகும்? ஒரு திரையைக் காட்ட அடுத்தடுத்து 100 கேள்விகளைத் தரவுத்தளத்திடம் கேட்கும் செயலியாக இருந்தால், பயணத்திலேயே ஒரு நொடிக்கு மேல் கரைந்துபோகும்.

குபர்னெட்டீஸின் நினைவாக இருக்கும் இடிசிடி என்னும் தரவுத்தளமும் இதே காரணத்தால் தூரத்துக்கு அஞ்சுகிறது. அதன் 3 அல்லது 5 படிகளில் பெரும்பான்மை ஒப்புக்கொண்டால்தான் எந்த மாற்றமும் பதிவாகும். 2014-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டியெகோ ஓங்காரோவும் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் விவரித்த ராஃப்ட் வழிமுறை இதற்கு அடிப்படை. தலைமைப் படி இயல்பாக 100 மில்லிநொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நொடி மௌனமானால் மற்றவை புதிய தலைமையைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கும். கண்டம் தாண்டிய, சீரற்ற இணைப்பில் இதை விரித்தால், யார் தலைமை என்ற வழக்கிலேயே நேரம் போய்விடும். அதனால்தான் குபர்னெட்டீஸ் ஒன்றாக ஆளும் சர்வர்களின் ஒரே பெரிய கூட்டமைப்பைப் பல கிளவுட்களின்மேல் விரிப்பதைத் தவிர்த்து, ஒவ்வொரு கிளவுடிலும் தனித்தனிக் கூட்டமைப்பை வைத்து, எழுதிய நிலையை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே களஞ்சியத்திலிருந்து அனுப்புகிறார்கள்.

தூரத்துக்குப் பணக் கணக்கும் உண்டு. தரவை உள்ளே கொண்டுவரப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வெளியே எடுக்கக் கட்டணம் உண்டு. அமேசானின் வடக்கு வர்ஜீனியா வட்டாரத்தில் தொடக்க அடுக்கின் பட்டியல் விலை ஜிகாபைட்டுக்கு 9 சென்ட். அதாவது மாதம் 10 டெராபைட்டை வெளியே அனுப்பினால் சுமார் 900 டாலர். கிளவுடை விட்டு முழுவதுமாக வெளியேறுவோருக்கு இக்கட்டணத்தைக் கூகுளும் அமேசானும் 2024-இல் விலக்கின. ஆனால் இரண்டு கிளவுட்களுக்கிடையே அன்றாடம் தரவு ஓடிக்கொண்டிருப்பது வேறு. நிறுவனங்களின் திட்டங்களில் அடிக்கடி விடுபட்டுப்போகும் செலவு இதுதான்.

அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கருவிக்குக் கிளவுடின் நிரந்தரச் சாவியைக் கொடுத்துக் கோப்பில் வைத்திருந்த பழைய வழக்கம் மறைந்து வருகிறது. இப்போது ஒரு அடையாளச் சேவை கையெழுத்திட்டுத் தரும் குறுகிய கால அனுமதிச்சீட்டைக் கிளவுட் சரிபார்த்து, சில நிமிடங்களோ ஒரு மணி நேரமோ மட்டும் உள்ளே விடுகிறது. நிறுவனத்தின் கொள்கைகளும் நிரலாகவே எழுதப்படுகின்றன. 'பரிவர்த்தனைத் தரவுத்தளம் மும்பை, ஐதராபாத் வட்டாரங்களுக்கு வெளியே உருவாகக்கூடாது' என்று விதி இருந்தால், ஓப்பன் பாலிசி ஏஜென்ட் போன்ற மென்பொருள் ஒவ்வொரு திட்டத்தையும் படித்து, மீறுவதை நிறைவேறுவதற்கு முன்பே தடுத்துவிடும்.

தன்னியக்கம் தனக்குத்தானே எதிராகத் திரும்பிய மற்றொரு நிகழ்வு, 2025 அக்டோபர் 19-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் மேற்குக் கரை நேரப்படி நள்ளிரவை நெருங்கும் வேளையில், அமேசானின் வடக்கு வர்ஜீனியா வட்டாரத்தில் நடந்தது. டைனமோடிபி என்னும் தரவுத்தளச் சேவையின் முகவரிகளை, இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்-இல் திட்டப்படி எழுத, ஒன்றையொன்று சாராத மூன்று நிறைவேற்றிகள் (தானியங்கி நிரல்கள்) இருந்தன. ஒன்று விழுந்தாலும் மற்றவை வேலை செய்யட்டும் என்பதற்காகவே மூன்று. அவற்றில் ஒன்று வழக்கத்துக்கு மாறாகத் தாமதமானது. 'என் கையிலிருக்கும் முகவரித் திட்டம் புதியதுதானா' என்று அது தொடக்கத்திலேயே சரிபார்த்திருந்தது. ஆனால் எழுதி முடிப்பதற்குள் அந்தச் சரிபார்ப்பு காலாவதியாகிவிட்டது. இதற்குள் இன்னொரு நிறைவேற்றி புதிய திட்டத்தை எழுதி முடித்து, மிகப் பழைய திட்டங்களைத் துடைக்கத் தொடங்கியது. தாமதமானது பழைய திட்டத்தைப் புதியதன்மேல் எழுத, துடைப்பவர் அந்தப் பழைய திட்டத்தையே அழிக்க, முகவரிப் பட்டியல் காலியானது. அதைத் தானாகத் திருத்திக்கொள்ள முடியாத நிலைக்கு அமைப்பு போய்விட்டதால், மனிதர்கள் கையிட வேண்டியிருந்தது. தரவுத்தளம் மூன்று மணி நேரத்துக்குள் திரும்பியது. அதைச் சார்ந்திருந்த பிற சேவைகள் சீராக மறுநாள் பிற்பகல் ஆனது. இரண்டு செயல்களும் தனித்தனியே சரியானவை. சரிபார்த்த கணத்துக்கும் எழுதிய கணத்துக்கும் இடையே இருந்த இடைவெளிதான் பிழை.

இதனால்தான் இத்துறையில் அழித்தல், மற்ற மாற்றங்களிலிருந்து தனியாக நடத்தப்பட வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். உருவாக்குவதையும் திருத்துவதையும் கருவியிடம் விடலாம். அழிக்கச் சொன்னால் உடனே அழிக்காமல், முதலில் நிறுத்திவைத்து, சில நாள்கள் கழித்தே அகற்ற வேண்டும். ஒரே ஓட்டத்தில் இத்தனை பொருள்களுக்குமேல் அழியக்கூடாது என்று வரம்பு வேண்டும். தரவுத்தளங்களுக்கு அழிப்புத் தடை தனியாக எழுதப்பட வேண்டும். மாற்றங்களை ஒரு கிளவுடில், ஒரு வட்டாரத்தில் முதலில் நிறைவேற்றி, சற்றுக் காத்திருந்து, பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். இந்தத் தாமதத்தைப் பல நிறுவனங்கள் வீண் செலவாகப் பார்க்கின்றன. எல்லாக் கிளவுட்களிலும் ஒரே நொடியில் பரவும் பிழை, பன்முகக் கிளவுடை வைத்திருப்பதன் பயனையே இல்லாமலாக்கிவிடும்.

நிர்வாகக் கருவி எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு வலையமைப்பு பராமரிப்புக் கட்டளை ஒன்றால் அறுந்தபோது, அதைச் சரிசெய்யப் பயன்படும் உள்கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் பொறியாளர்களுக்கு அவை எட்டவில்லை. ஆட்கள் நேரடியாகத் தரவு மையங்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. பல நிறுவனங்களின் கலப்புக் கிளவுடில் இதே வளையம் சிறிய அளவில் இருக்கிறது: டெராஃபார்மின் நிலைக்கோப்பு அது நிர்வகிக்கும் கிளவுடிலேயே இருக்கும்; எல்லாக் கிளவுட்களுக்கும் அனுமதிச்சீட்டு தரும் அடையாளச் சேவை அவற்றில் ஒன்றிலேயே ஓடும். நிலைக்கோப்பின் காப்புப்படியையும், அடையாளச் சேவையைச் சாராத அவசரக் கணக்கு ஒன்றையும் வேறிடத்தில் வைப்பது இதற்கு வழி. அந்தக் கணக்கில் யாராவது அவ்வப்போது உள்நுழைந்து, அதன் கடவுச்சொல் இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்த்துவர வேண்டும்.