மூன்று மணி சீரியல் நின்றுபோனபோது

2009 அக்டோபர் மாதம். அமெரிக்காவில் நான் மனநல ஆலோசகராக வாரம் இரண்டு நாள் போய்வந்த முதியோர் இல்லத்தில், 84 வயது அம்மா ஒருவர் பிற்பகலில் அறையைவிட்டு வெளியே வருவதையே நிறுத்தியிருந்தார். சாப்பாடு குறைந்திருந்தது. பேச்சும் குறைந்திருந்தது. மாத்திரை ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லையா, மறதிநோயின் தொடக்கமா என்று செவிலியர்களுக்குச் சந்தேகம். (அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

முதியவர்களின் மனச்சோர்வை அளக்க 15 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. வழக்கம்போல அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "முன்பு செய்துவந்த பல விஷயங்களை விட்டுவிட்டீர்களா?" என்று ஒரு கேள்வி. அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "நான் எதையும் விடவில்லை. அவர்கள்தான் நிறுத்திவிட்டார்கள்."

படிவத்தை மூடி வைத்துவிட்டு, எதை என்று கேட்டேன். 'கைடிங் லைட்' என்றார்.

பகல்நேரத் தொடர்களின் வரலாற்றில் அதற்கு ஈடே கிடையாது. 1937 ஜனவரியில் வானொலியில், 15 நிமிட நாடகமாகத் தொடங்கியது. கதையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் இர்னா ஃபிலிப்ஸ். துயரத்தோடு வருபவர்களுக்கு வழி தெரியட்டும் என்று கதையில் வரும் ஒரு பாதிரியார் தன் ஜன்னலில் ஏற்றிவைத்த விளக்குதான் தலைப்பில் இருப்பது. 1952இல் தொலைக்காட்சிக்கு வந்தது. 1977இல் ஒரு மணி நேரத் தொடராக வளர்ந்தது. 2009 செப்டம்பர் 18 அன்று கடைசிப் பகுதி. மொத்தம் 72 ஆண்டுகள். அந்த அம்மா 12 வயதுச் சிறுமியாக, தன் தாயார் துணி தேய்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்த கதை அது. தாயார் போய், கணவர் போய், சொந்த வீடும் போன பிறகும் அது மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 5 முதல் சி.பி.எஸ். சேனலில் அந்த இடத்துக்கு வந்தது 'லெட்ஸ் மேக் எ டீல்'. 1963இல் மான்டி ஹால் தொகுத்து வழங்கத் தொடங்கிய பழைய கேம் ஷோ, வேன் பிரேடி தொகுப்பில் புதிதாக வந்திருந்தது.

சேனலின் கணக்கு புரியாத கணக்கு இல்லை. தினசரித் தொடர் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 250 பகுதிகள். பெரிய நடிகர் பட்டாளம், எழுத்தாளர் குழு, வீடு, மருத்துவமனை, காவல் நிலையம் என்று தனித்தனி அரங்குகள், உடை, ஒப்பனை. கேம் ஷோவுக்கு ஒரு தொகுப்பாளரும் ஓர் அரங்கும் போதும். பார்க்க வந்தவர்களே போட்டியாளர்கள். ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகளை எடுத்துவிடலாம். விளம்பரத்துக்காக நிறுவனங்களே தரும் பரிசுகளும் உண்டு. 'கைடிங் லைட்' குழுவினர் செலவைக் குறைக்கப் பாடுபடாமல் இல்லை. 2008இல் கையடக்க டிஜிட்டல் கேமராக்களுக்கு மாறி, நியூ ஜெர்சியின் பீப்பேக் என்ற சின்ன ஊரில் நிஜ வீடுகளிலும் தெருக்களிலும் படம்பிடித்தார்கள். பார்ப்பவர்கள் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்துகொண்டே வந்ததால், அதுவும் காப்பாற்றவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் வேறு நெடுந்தொடர்களும் இதேபோலப் போயின. அங்கெல்லாம் பேச்சு நிகழ்ச்சியும் சமையல் நிகழ்ச்சியும் வந்தன.

சேனலுக்கு அது ஒரு மணி நேர இடம், அவ்வளவுதான். பார்ப்பவருக்கோ அங்கே மனிதர்கள் இருந்தார்கள். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். திரையில் தினமும் வருபவரோடு நமக்கு ஒருவழி நெருக்கம் உண்டாகிறது. அவருக்கு நம்மைத் தெரியாது, நமக்கு அவரைத் தெரியும். தொடர் நின்றால் அந்த உறவு அறுகிறது. 1989இல், துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த கென்னத் டோக்கா வேறொன்றைச் சொன்னார்: சுற்றியிருப்பவர்கள் துக்கமாகவே ஒப்புக்கொள்ளாத துக்கம் ஒன்று உண்டு. அழ இடம் கிடைக்காததால் அது உள்ளேயே தங்கிவிடும். அந்த அம்மா தன் மகளிடம் போனில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "சீரியல்தானே அம்மா!" என்று மகள் சிரித்துவிட்டார். அதன்பிறகு அவர் யாரிடமும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

தயவுசெய்து அந்தச் சிரிப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கத் தவறுகிறோம். தனியாக வாழும் முதியவருக்குத் தொடர்தான் கடிகாரம். வேறொரு முதியவர், தலைப்புப் பாட்டு முடிந்ததும் இரத்த அழுத்த மாத்திரை போடுவார், முதல் விளம்பர இடைவேளையில் டீ போடுவார், தொடர் முடிந்ததும் தபால் பெட்டி வரை நடந்துவிட்டு வருவார். தொடர் நின்றதும் மாத்திரை தவறியது, நடையும் நின்றது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதனால் தொடர் நிற்கப்போகிறது என்று தெரிந்ததுமே, அந்த நேரத்தோடு என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். மாத்திரைக்கு அலாரம் வையுங்கள். முடிந்தால் அதே நேரத்துக்கு ஒரு போன் செய்யுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் சீரியல் மீது போட்டுவிடவும் கூடாது. சாப்பாடு, தூக்கம், ஆர்வம் எல்லாம் குறைந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துப் போகத்தான் வேண்டும். தைராய்டு கோளாறாக இருக்கலாம், மருந்தின் விளைவாக இருக்கலாம், உண்மையான மனச்சோர்வாகவும் இருக்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, அந்த அம்மாவுக்கு என்ன செய்தோம்? மருத்துவர் பார்த்தார். உடலில் புதிதாகக் கோளாறு எதுவும் இல்லை. பெரிய சிகிச்சை என்று நானும் எதையும் தொடங்கவில்லை. கதையைச் சொல்லச் சொன்னேன், வானொலிக் காலத்திலிருந்து. முதல் நாள் பத்து நிமிடம் சொன்னார். அடுத்த வாரம், அதே தொடரைப் பார்த்துவந்த இன்னும் இரண்டு பேரை அழைத்து உட்கார வைத்தேன். யார் யாரை எத்தனை முறை கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதில் மூவருக்கும் சண்டையே வந்துவிட்டது. நவம்பர் கடைசியில், மூன்று மணிக்கு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்களுக்காகக் காத்திருந்தார். கேம் ஷோவை அவர் கடைசிவரை பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நாங்களும் வற்புறுத்தவில்லை.

2022 செப்டம்பரில் 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' என்.பி.சி. சேனலைவிட்டு, பீகாக் என்ற கட்டண இணையத் தளத்துக்கு மாறியது. 1965 முதல் ஓடிய தொடர். நிற்கவில்லை, இடம்தான் மாறியது. ஆனால் ரிமோட்டில் ஒரே ஒரு எண்ணை மட்டும் அழுத்தத் தெரிந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த முறை நாங்கள் முன்கூட்டியே குடும்பங்களுக்குக் கடிதம் எழுதினோம். ஒரு பேத்தி வந்து சந்தாவைக் கட்டி, அழுத்த வேண்டிய பொத்தான்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டுச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, பாட்டியே தனியாக மூன்று முறை போட்டுக் காட்டிய பிறகுதான் கிளம்பினார்.