திண்மமா, திரவமா, வாயுவா? இரண்டே கேள்விகளில் கண்டறிவது எப்படி

ஒரு பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எடையும் கடினத்தன்மையும் சொல்லிவிடாது. பாதரசத்தின் அடர்த்தி மி.லி.க்கு 13.6 கிராம், இரும்பின் அடர்த்தி 7.9 கிராம். ஆனாலும் அறை வெப்பநிலையில் பாதரசம் திரவம், இரும்பு திண்மம். மெழுகை நகத்தால் கீறிவிடலாம்; அதுவும் திண்மம்தான். கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள்: வேறொரு பாத்திரத்துக்கு மாற்றும்போது வடிவம் மாறுகிறதா? கன அளவு மாறுகிறதா? இரண்டும் மாறாதது திண்மம். வடிவம் மட்டும் மாறுவது திரவம். இரண்டும் மாறுவது வாயு.

வடிவத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். கன அளவில்தான் கண் ஏமாறும். ஒடுக்கமான அளவுசாடியில் 50 மி.லி. நீர் எடுத்து அகலமான தட்டில் ஊற்றினால் நீர் குறைந்தது போலத் தெரியும். திரும்பச் சாடியில் ஊற்றி அளந்தால் 50 மி.லி.க்கு மிக அருகில் வரும். தட்டில் ஒட்டிய துளிகள் மட்டும்தான் குறையும். அளவைப் படிக்கும்போது கண் நீர்மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். வளைந்த மேற்பரப்பின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

வாயுவுக்கு ஊசி இல்லாத 60 மி.லி. சிரிஞ்ச் போதும். 50 மி.லி. காற்றை இழுத்து, முனையை விரலால் இறுக மூடி, பிஸ்டனை அழுத்துங்கள். காற்று அமுங்கும். 25 மி.லி. வரை கொண்டுபோக அழுத்தத்தை இரு மடங்காக்க வேண்டும். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இதுதான். பிஸ்டனின் விட்டம் 27 மி.மீ. என்றால், கிட்டத்தட்ட 6 கிலோ எடையை அதன் மேல் வைத்ததற்குச் சமமான விசை தேவை. பிஸ்டனிலிருந்து கையை எடுத்ததும் அது பின்னோக்கி வரும். உராய்வு காரணமாகச் சரியாக 50-க்கு வராமல் சற்று முன்னதாக நிற்கலாம். காற்று கசிந்திருந்தாலும் அப்படித்தான் நிற்கும்.

இப்போது நீரை நிரப்பி அதையே செய்யுங்கள். பிஸ்டன் நகராது. நகர்ந்தால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறது என்று பொருள். முனையை மேலே நிமிர்த்தி, விரலால் தட்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டு மீண்டும் அழுத்திப் பாருங்கள். நீர் அறவே அமுங்காது என்று சொல்ல முடியாது. வளிமண்டல அழுத்தத்தைப் போல 100 மடங்கு அழுத்தத்தில் அதன் கன அளவு அரை சதவீதத்துக்கும் குறைவாகவே சுருங்கும். கையால் அதை உணர முடியாது.

இந்த வேறுபாடு மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள தூரத்திலிருந்து வருகிறது. கொதிநிலையில் உள்ள 1 மி.லி. நீர் ஆவியானால் சுமார் 1,600 மி.லி. இடத்தை நிறைக்கும். மூலக்கூறுகள் பெரிதாவதில்லை. அவற்றின் இடைவெளிதான் ஏறத்தாழ 12 மடங்கு கூடுகிறது. வாயுவில் நாம் அமுக்குவது இந்த வெற்றிடத்தைத்தான். திரவத்தில் மூலக்கூறுகள் நெருங்கியே இருக்கின்றன, ஆனால் ஒன்றையொன்று தாண்டி வழுக்கிச் செல்லும். திண்மத்தில் தத்தம் இடத்திலேயே நின்று அதிர்கின்றன.

பலரையும் குழப்புவது மணல். பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்வதால் அதைத் திரவம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் தட்டையான தரையில் கொட்டினால் நீர் பரவிவிடும். உலர்ந்த மணலோ ஏறத்தாழ 30 முதல் 35 டிகிரி வரை சரிவுள்ள குவியலாக நிற்கும். கேள்வியைக் குவியலிடம் கேட்கக் கூடாது, ஒரு மணல்துகளிடம் கேட்க வேண்டும். உருப்பெருக்கியில் பாருங்கள்: துகளின் வடிவம் எந்தப் பாத்திரத்திலும் மாறுவதில்லை. சாடியில் 100 மி.லி. காட்டும் மணலில் 35 முதல் 40 மி.லி. அளவு நீரை, மட்டம் உயராமலே ஊற்றிவிடலாம். அவ்வளவும் துகள்களின் இடுக்கில் இருந்த காற்றின் இடம். மணலின் உண்மையான கன அளவு சுமார் 60 மி.லி. மட்டுமே.

அழுத்தினால் அமுங்கும் பஞ்சும் இப்படித்தான். நீருக்குள் வைத்துப் பிழிந்தால் குமிழிகள் வெளியேறும். அமுங்கியது காற்று இருந்த இடம்.

கீல் என்னும் தார் போன்ற பொருளிடம் கேள்வி கேட்கப் பொறுமை வேண்டும். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போல நொறுங்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் இயற்பியலாளர் தாமஸ் பார்னெல் அதைச் சூடாக்கிப் புனலில் ஊற்றி, 1930-இல் புனலின் அடிமுனையை வெட்டித் திறந்துவிட்டார். 2014 வரை விழுந்தவை ஒன்பது துளிகள். நீரைவிடச் சுமார் 23,000 கோடி மடங்கு பாகுத்தன்மை (ஓடவிடாமல் தடுக்கும் தன்மை) கொண்டது அது. இருந்தும் திரவம்தான், வடிவத்தைக் காத்துக்கொள்ள அதனால் முடியவில்லை.

திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே தெளிவான அடையாளம் ஒன்று உண்டு: பாதி நிரம்பிய பாத்திரத்தில் திரவத்துக்கு மேற்பரப்பு இருக்கும், வாயுவுக்கு இருக்காது. அந்த அடையாளமும் எல்லா நிலைமைகளிலும் செல்லாது. தடித்த குழாயில் அடைத்த திரவக் கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அழுத்தம் சுமார் 74 பாரை (வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 73 மடங்கை) எட்டும்போது, திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையிலான கோடு மங்கி மறைந்துவிடும். இரண்டின் அடர்த்தியும் அங்கே ஒன்றாகிவிடுகிறது. அதற்கு மேற்பட்ட வெப்பநிலையில் எவ்வளவு அமுக்கினாலும் அந்தக் கோடு திரும்பத் தோன்றாது.