பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இந்த மாதத்தில் எரிந்துபோய் வந்த ஸ்பீக்கரில் இது நான்காவது. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்குப் போன சனிக்கிழமை காலேஜ் படிக்கிற ஒரு தம்பி, ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அங்கிள், பாட்டு வருது, ஆனா போர்வைக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கு." டுவீட்டரை, அதாவது மேல்சுருதி ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரை, கழற்றி மீட்டர் வைத்தேன். ஐந்தாறு ஓம் (மின்தடை அளவு) காட்ட வேண்டிய இடத்தில் முள் அசையவே இல்லை. மயிரிழைக் கம்பி அறுந்து, வார்னிஷ் கருகின வாடை. இரண்டு பக்கமும் அதே கதை.

"ஸ்பீக்கர் 100 வாட்ஸ் அங்கிள், ஆம்ப்ளிஃபையர், அதான் ஆம்ப், 50தான். அப்புறம் எப்படி எரியும்?"

ஆம்ப் சின்னதாக இருந்தால் ஸ்பீக்கர் தப்பிக்கும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, என் கடை வாடகையில் பாதி அதில்தான் ஓடுகிறது. சின்ன ஆம்பின் வால்யூமைக் கடைசி வரை திருகினால், கொடுக்க முடியாததைக் கொடுக்கப் பார்த்து அலையின் தலையை வெட்டிவிடும். பாட்டு கரகரக்கிறதே, அதுதான். அந்தக் கரகரப்பில் பெரும்பங்கு டுவீட்டருக்குத்தான் போகிறது. பெட்டி முழுசுக்கும் 100 வாட்ஸ் என்று போட்டிருந்தாலும் டுவீட்டர் தனியாகத் தாங்குவது சில வாட்ஸ்தான். தொடர்ந்து கரகரத்தால் உடனே குறையுங்கள். 'பாட்டே அப்படித்தான்' என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

சரி, அந்த 50 வாட்ஸாவது உண்மையா? ஆம்பையும் கொண்டு வரச் சொன்னேன். உள்ளங்கை அகலம், அட்டையில் '50+50'. கூடவே வந்த அடாப்டரில் 12 வோல்ட், 3 ஆம்ப்பியர். பெருக்கினால் மொத்தமே 36 வாட்ஸ். 36 உள்ளே போகிற இடத்திலிருந்து 100 எப்படித் தம்பி வெளியே வரும்? இவ்வகை ஆம்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். அவன் ஸ்பீக்கர் 8 ஓம், ஆக 144 வகுத்தல் 16. ஒரு பக்கத்துக்கு 9 வாட்ஸ், அதுவும் அதிகபட்சம். அட்டையில் இருக்கும் 50, வோல்ட் இருபதுக்கு மேல் கொடுத்து 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் வருவது. தன்னுடையது 8 ஓம் என்பதே அவனுக்குத் தெரியாது.

ஆனால் கம்ப்யூட்டர் மேசையில் வைத்துக் கேட்க 9 வாட்ஸ் தாராளம். சென்சிட்டிவிட்டி 85 டெசிபல் என்றால், ஒரே வாட்ஸில் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம். உங்கள் காது இருப்பதோ 70 சென்டிமீட்டரில். தொழிற்சாலையில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்கிற அளவே 85தான். வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் ஏறுவது 3 டெசிபல். அதற்காக இருநூறு வெள்ளி கூடக் கொடுப்பானேன்? அப்புறம் ஏன் எரிந்தது? அவன் மேசைக்கு வாங்கியதைத் தங்கச்சி பிறந்தநாளுக்கு ஹாலில் வைத்து, ஐம்பது பேருக்குக் குத்துப்பாட்டு போட்டிருக்கிறான்.

காசை ஸ்பீக்கரில் போடுங்கள். மேசைக்கு 4, 5 அங்குல வூஃபர் (கீழ்ச்சுருதி ஒலிகளைத் தரும் பெரியது) போதும். சுவரை ஒட்டி வைப்பதானால் காற்றுத் துளை முன்பக்கம் இருக்கட்டும். பின்பக்கத் துளையைச் சுவரில் ஒட்ட வைத்துவிட்டு 'பேஸ் கும்முனு அடிக்குது' என்று என்னிடம் வராதீர்கள். டுவீட்டர் காது மட்டத்துக்கு வர வேண்டும். மானிட்டருக்குப் பின்னால் ஒளித்து வைக்கத் தனியாக ஸ்பீக்கர் எதற்கு? பழசு வாங்கினால் வூஃபரின் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் ஃபோம் விளிம்பு பத்துப் பதினைந்து வருஷத்தில் விரலில் மாவாக உதிரும். ரப்பர் தாங்கும். ஆம்ப் உள்ளேயே வைத்து வரும் ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப் வேண்டாம். இது தெரியாமல் இரண்டையும் வாங்கி வந்தவர்களும் உண்டு.

வயர் மாட்டும்போது இழைகளை நன்றாக முறுக்குங்கள். பக்கத்து முனையை ஓர் இழை தொட்டால் போதும், ஆம்ப் காலியாகிவிடலாம். இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக இணைக்க வேண்டாம். இந்தச் சின்ன ஆம்புகளில் மைனஸ் என்பது எர்த் கிடையாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் த்ரீ பின் பிளக்கின் எர்த்தைத் துண்டிக்காதீர்கள். கம்ப்யூட்டரையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டுப் பாருங்கள். அடங்காவிட்டால் யாராவது தெரிந்தவரிடம் காட்டுங்கள். 230 வோல்ட் விளையாட்டில்லை. சாயங்காலம் இடி இடித்தால் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

டுவீட்டர் தேடி நாளை ஜாலான் பாசார் போகிறேன். ஒன்று மட்டும் மாற்றினால் விலை குறையுமா என்று தம்பி மெசேஜ் போட்டிருக்கிறான். இரண்டுமே போய்விட்டது என்று மறுபடியும் பதில் போட்டிருக்கிறேன்.