டபிள்யூ-2 படிவத்தில் 'டிடி' என்று ஒரு தொகை

அமெரிக்காவில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். பிப்ரவரி பிறந்துவிட்டால் மேசை முழுக்க டபிள்யூ-2 படிவங்கள்தான். ஆண்டு முழுவதும் கொடுத்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் ஊழியருக்குத் தரும் படிவம் அது. அதில் 12ஆம் கட்டத்தில் 'டிடி' என்று போட்டு ஒரு தொகை இருக்கும். "இதுக்கும் வரி கட்டணுமா?" என்று பலர் கேட்பார்கள். இல்லை என்றதும் நிம்மதியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

நான் அங்கேயே கொஞ்சம் நிறுத்துவேன். உங்கள் குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டுக்கு அந்த ஆண்டு கட்டிய முழுப் பிரீமியம் அது. உங்கள் பங்கும் நிறுவனத்தின் பங்கும் சேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்தார், மென்பொருள் வேலை. டிடி தொகை 24,600 டாலர். அதில் மாதம் 450 டாலர்தான் அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். "மீதி கம்பெனி கொடுக்குது சார், நமக்கு ஃப்ரீ. இதை விட்டுட்டு அரசாங்க இன்சூரன்ஸுக்கு வரி கட்டச் சொல்றாங்களே" என்றார். வரிப்பணத்தில் எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்ற யோசனையைத்தான் சொன்னார்.

அந்த மீதி 19,200 டாலர் இலவசமாக வந்ததல்ல. உங்களுக்கு ஆகும் மொத்தச் செலவு எவ்வளவு என்றுதான் நிறுவனம் பார்க்கும். சம்பளமும் பிரீமியமும் அதற்குள் அடக்கம். பிரீமியம் ஏறினால் சம்பள உயர்வு சுருங்கும்; பொருளாதார அறிஞர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் விஷயம் இது. சுகாதாரக் கொள்கையை ஆராயும் கேஎஃப்எஃப் அமைப்பின் கணக்கெடுப்புப்படி, நிறுவனங்கள் வழியான குடும்பக் காப்பீட்டின் சராசரிப் பிரீமியம் 2024இல் 25,572 டாலர். ஊழியர் நேரடியாகக் கொடுத்தது அதில் 6,296 மட்டும். அதனால்தான் மிச்சம் கண்ணில் படுவதில்லை.

வேலையோடு காப்பீட்டை முடிச்சுப் போட்டதிலும் அரசின் கை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆள் கிடைக்காமல் திண்டாடிய நிறுவனங்கள், அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராத காப்பீட்டைக் காட்டி ஆட்களை இழுத்தன. 1954 வரிச் சட்டம் அதற்கான வரிவிலக்கை உறுதிப்படுத்தியது. இன்றும் 24 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு ஒவ்வொரு 1,000 டாலர் பிரீமியத்திலும் 240 டாலர் வருமான வரி மிச்சம். 12 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 120 தான். குறைந்த சம்பளக்காரருக்குக் குறைந்த உதவி! வரிக்காரனாக எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

சரி, எல்லோருக்கும் அரசுக் காப்பீடு வந்தால்? செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் 2017இல் முன்வைத்த நிதி யோசனைகளில், நிறுவனத்திடம் சம்பளத்தில் 7.5 சதவீதமும் குடும்பத்திடம் வருமானத்தில் 4 சதவீதமும் வாங்கலாம் என்று இருந்தது. 1,00,000 டாலர் சம்பளத்துக்கு இரண்டும் சேர்ந்து 11,500ஐத் தாண்டாது. 25,572க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் செலவு முழுவதும் இதில் அடங்கிவிடாது. பெரும் வருமானக்காரர்கள் மீது வேறு வரிகளும் அதே பட்டியலில் இருந்தன. அவர்களில் பலர் இப்போது கொடுப்பதைவிட அதிகம் கொடுப்பார்கள். மருத்துவமனைகளுக்கும் கவலை உண்டு. தனியார் காப்பீடு அவர்களுக்குக் கொடுப்பது, முக்கியமாக 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கொடுப்பதைப் போல சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல். எல்லோருக்கும் மெடிகேர் விலைதான் என்றாகிவிட்டால் சிறிய கிராமப்புற மருத்துவமனைகள் தாக்குப்பிடிக்குமா என்பது நியாயமான கேள்வி. இதையெல்லாம் பேசலாம், பேச வேண்டும். டிடி தொகையைக் கணக்கில் சேர்க்காமல் 'வரி ஏறும்' என்று மட்டும் சொல்வதைத்தான் நான் ஏற்பதில்லை.

அதே நண்பர் அந்த ஆண்டு ஜூலையில் போன் செய்தார். வேலை போய்விட்டது. மனைவிக்கு ஏழாம் மாதம். கையில் கோப்ரா கடிதம். வேலை போன பிறகும் நிறுவனத்தின் காப்பீட்டைச் சொந்தச் செலவில் தொடர வழிசெய்யும் சட்டம் அது. பழைய காப்பீட்டைத் தொடர மாதம் 2,200 டாலருக்கு மேல். "450 தானே சார் கட்டிட்டு இருந்தேன்?" என்றார். கோப்ரா சட்டப்படி முழுப் பிரீமியத்தோடு 2 சதவீத நிர்வாகச் செலவையும் வாங்கலாம். பிப்ரவரியில் அவர் தாண்டிப்போன தொகைதான், அந்த ஆண்டின் உயர்வோடு வந்திருந்தது.

பயந்துபோய் அன்றைக்கே எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்றேன். கோப்ராவைத் தேர்ந்தெடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் தேர்ந்தெடுத்தால், காப்பீடு நின்ற நாளிலிருந்தே கணக்கு. விட்ட மாதங்களின் பிரீமியத்தையும் கட்ட வேண்டும், அவ்வளவுதான். தனியார் காப்பீடுகளை நாமே வாங்கிக்கொள்ள அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் சேரவும், பழைய காப்பீடு நின்றதிலிருந்து 60 நாள் தருகிறார்கள். அங்கே வருமானத்தைப் பொறுத்து மானியமும் கிடைக்கலாம். ஆனால் காப்பீடு மாறினால் டாக்டர் மாறலாம். காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகையான டிடக்டிபிளும், ஆண்டின் தொடக்கத்திலிருந்து கைக்காசு போட்டு அடைத்திருந்தாலும், மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். ஏழு மாதம் பார்த்த டாக்டரை அந்த நேரத்தில் மாற்ற அவர் மனைவிக்கு மனமில்லை. சேமிப்பிலிருந்து எடுத்து கோப்ரா கட்டினார்கள். நான்காவது மாதம் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. அடுத்த பிப்ரவரியில் வந்தபோது, 12ஆம் கட்டத்தை அவரே முதலில் விரல் வைத்துக் காட்டினார்.