டேஷ்போர்டு பச்சையா இருந்தா மட்டும் பத்தாதுங்க

கோயம்புத்தூர்ல டிஜிட்டல் மார்க்கெட்டிங் பண்றேன், ஒன்பது வருஷம் ஆச்சு. மசாலா பொடி கம்பெனி வச்சிருக்க ஒருத்தருக்கு மாசா மாசம் ரிப்போர்ட் காட்டணும். அப்பதான் ஒரு ஏஐ டூல் வாங்கியிருந்தோம், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் கமென்ட் எல்லாத்தையும் இழுத்துட்டு வந்து மக்கள் நம்ம பிராண்ட பத்தி நல்லா பேசுறாங்களா திட்டுறாங்களான்னு தானே பிரிச்சு காட்டும். அந்த மாசம் மீட்டர் ஃபுல்லா பச்சை. முதலாளி "பரவால்லையே கண்ணு"ன்னு சிரிச்சாரு. பக்கத்துல அவங்க வீட்டம்மா, கணக்கு வழக்கெல்லாம் அவங்கதான், ஃபோன நீட்டி "ஏங்கண்ணு, இதும் பச்சைலதான் சேர்ந்திருக்குதா?"ன்னாங்க.

கமென்ட் இதுதான்: "பாக்கெட்ட பிரிக்க அருவா ஃப்ரீயா குடுப்பீங்களா". கூட மூணு சிரிக்கிற எமோஜி. டூல்ல தேடிப்பாத்தா, பாசிட்டிவ். ஃப்ரீன்னு ஒரு வார்த்தை, மூணு சிரிப்பு, அது பாவம் யாரோ சந்தோசமா இருக்காங்கன்னு நெனச்சிருச்சு.

அங்கயே உக்காந்து மூணு பேரும் ஸ்க்ரோல் பண்ணோம். "சூப்பருங்க, பிரிச்ச உடனே கிச்சன் பூரா சாம்பார் பொடில கோலம்", பாசிட்டிவ். "எங்க மாமியார் இந்த பொடி போட்டு கொன்னுட்டாங்க, வெறித்தனமான கொழம்பு", இது நெகட்டிவாம். "என் டயட் நாசமா போச்சு", இதுவும் நெகட்டிவ். கை கூப்புற எமோஜி தனியா ஒண்ணு கெடந்துச்சு, சாமி ஆள விடுங்கன்னு அர்த்தம், அத நன்றின்னு எடுத்துகிச்சு. மொத்தத்துல புது பாக்கெட் மேல ஊரே கடுப்புல இருக்கு, நாங்க பச்சை கலர பாத்து காபி குடிச்சிட்டு இருக்கோம்.

டூல குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, நம்ம ஆளுங்க எழுதுற விதம் அப்படி. பாதிப்பேர் தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறாங்க, அதுல நல்லாங்கிற ஒரு வார்த்தைக்கே எல் ஒண்ணு, எல் ரெண்டு, கடைசில ஏ நாலுன்னு ஏகப்பட்ட ஸ்பெல்லிங். பழம், பலம், பாலம் மூணையும் ஒரே மாதிரி அடிக்கிறவங்க இருக்காங்க. நம்மாளு படிச்சா இடத்த வச்சு புரிஞ்சுக்குவான், டூலுக்குள்ள இருக்க, பெரும்பாலும் இங்கிலீஷ்ல பழக்குன ஏஐ மாடல் என்ன பண்ணும்?

சேல்ஸ் ஆளு வந்து எங்க டூல் இத்தனை பர்சென்ட் கரெக்டுன்னு சொல்லுவாரு, அங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. 2020ல ஆராய்ச்சியாளர்கள் தமிழும் இங்கிலீஷும் கலந்த யூடியூப் கமென்ட் 15,744 எடுத்து ஆளுங்கள வச்சு தரம் பிரிச்சாங்க, எல்லாம் சினிமா ட்ரெய்லருக்கு கீழ வந்தது. அதுல 10,559 பாசிட்டிவ், 2,037தான் நெகட்டிவ். இப்ப யோசிங்க, படிக்காமலே எல்லாத்துக்கும் பாசிட்டிவ்னு முத்திரை குத்துற ஒரு மெஷினுக்கு கூட இந்த பரிட்சைல 67 மார்க் வந்துரும், ஒரே ஒரு திட்ட கூட கண்டுபிடிக்காம! அதனால மொத்த மார்க்க கேக்காதீங்க, நெகட்டிவ் நூறு இருந்தா எத்தனைய புடிச்சுது, அது எந்த மொழி கமென்ட்னு கேளுங்க. பதில் சொல்ல கொஞ்சம் நேரம் எடுத்துக்குவாங்க.

டூல் காட்டுற ஸ்கோர்லயும் ஒரு கணக்கு இருக்கு. 1,000 கமென்ட்ல 120 பாராட்டு, 60 திட்டு, மீதி 820 ரெண்டும் இல்லாம விலை என்ன, கடை எங்கன்னு கேக்குறதுன்னு வச்சுக்குங்க. பாராட்டுல திட்ட கழிச்சா 60. அத மொத்தம் ஆயிரத்தால வகுக்குற டூல் 6 பர்சென்ட்னு காட்டும், பாராட்டும் திட்டும் சேந்த வெறும் 180ஆல வகுக்குற டூல் 33 பர்சென்ட்னு காட்டும். ஒரே மாசம், ஒரே கமென்ட்டுங்க. ஏஜென்சி மாத்துன உடனே ஸ்கோர் எகிறிருச்சுன்னு சந்தோசப்படுறதுக்கு முன்னாடி எந்த நம்பரால வகுத்தாங்கன்னு பாத்துக்குங்க. கிஃப்ட் போட்டி வச்ச மாசத்துலயும் இப்படித்தான், மூணு ஃப்ரெண்ட டேக் பண்ணுன்னா அம்புட்டு பேரும் வந்து ஹார்ட் போடுவாங்க, பொடி வாங்கினவங்க யாரும் அதுல இருக்க மாட்டாங்க.

அப்புறம் ஸ்கோரே பாக்க வேண்டாத நாள் ஒண்ணு வரும். 2021 அக்டோபர்ல ஜொமேட்டோவுக்கு நடந்தது ஞாபகம் இருக்கும். ஆர்டர்ல ஒரு ஐட்டம் வரலன்னு ரீஃபண்ட் கேட்ட தமிழ்நாட்டு கஸ்டமர்கிட்ட, ஹிந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கணும்னு சப்போர்ட்ல இருந்தவர் சொல்ல, அந்த சாட் ஸ்க்ரீன்ஷாட்டா ட்விட்டருக்கு வந்துருச்சு. ரிஜெக்ட் ஜொமேட்டோன்னு ஹேஷ்டேக் ட்ரெண்டாகி, மறுநாளே கம்பெனி தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் மன்னிப்பு கேட்டு, கோயம்புத்தூர்ல தமிழ் சப்போர்ட் சென்டர் வைக்கப் போறோம்னு சொன்னாங்க. அங்க விஷயமே படத்துக்குள்ள இருந்துச்சு. படத்துல இருக்க எழுத்த படிக்கத் தெரியாத டூல்னா, நம்ம மேல வர்ற இந்த மாதிரி புகார் லேட்டாதான் தெரியும். நான் கிளையன்ட்டுக்கெல்லாம் வைக்கிற அலாரம் ஸ்கோர் மேல இல்ல, வேகத்து மேல: வழக்கமா ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவ நம்ம பேர் வரும், இப்ப அது மூணு மடங்கு ஆச்சுன்னா நல்லதோ கெட்டதோ ஃபோன் அடிக்கணும்.

டூலுக்கு தெரியாத இடம் வேற நிறைய இருக்கு. வாட்ஸ்அப் குரூப்ல சுத்துற வாய்ஸ் நோட்ட எந்த டூலாலயும் கேக்க முடியாது. ட்விட்டர் 2023ல ஏபிஐக்கு, அதாவது வெளி டூல்கள் டேட்டாவ எடுக்குற வழிக்கு, காசு வாங்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் விலை கம்மியான டூல்ல அந்த டேட்டா முழுசா வருதான்னு கேட்டே வாங்கணும். ஃபேஸ்புக் நடத்துற மெட்டாவும், அங்க எந்த போஸ்ட் எவ்ளோ பரவுதுன்னு பாக்க வச்சிருந்த கிரவுட்டேங்கிள்ங்கிற டூல 2024 ஆகஸ்ட்ல மூடிருச்சு. எல்லா இடத்துலயும் பாக்குறோம்னு பிரசன்டேஷன்ல போட்டிருந்தா, எது எதுன்னு லிஸ்ட் எழுதி வாங்கிக்குங்க.

இப்ப சாட்ஜிபிடி மாதிரி பெரிய மாடல் வந்தப்புறம் நக்கல் ஓரளவுக்கு புரியுது, பொய் சொல்லக்கூடாது. ஆனா கமென்ட்ட மட்டும் குடுத்தா பத்தாது, அது எந்த போஸ்ட்டுக்கு கீழ வந்துச்சுன்னும் சேத்து குடுக்கணும். "கிடைச்சிருச்சு"ன்னு ஒரு கமென்ட், ஆஃபர் போஸ்ட்டுக்கு கீழன்னா சந்தோசம், பொடில வண்டு இருக்குன்னு ஒருத்தர் போட்டதுக்கு கீழன்னா? இன்னொண்ணு, நடுவுல மாடல் வெர்ஷன மாத்துனா கோடு மேலயோ கீழயோ தாவும், கஸ்டமர் மனசு மாறிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க. நான் ஒரு தடவ அப்படி நெனச்சு ரெண்டு ஸ்லைடு வேற போட்டேன், இன்னிக்கி நெனச்சாலும் கூச்சமா இருக்கு.

அந்த மசாலா கம்பெனில இப்ப சனிக்கிழமை தோறும் கஸ்டமர் கேர்ல இருக்க பொண்ணும் முதலாளி வீட்டு அக்காவும் ஆளுக்கொரு ஷீட்ல, அதே 200 கமென்ட்ட டூல் என்ன சொல்லுச்சுன்னு பாக்காம தனித்தனியா மார்க் பண்றாங்க. ரெண்டு பேருக்குள்ளயே ஒத்து வராதது எப்பவும் கொஞ்சம் இருக்கும், அதுக்கு சண்ட வேற. அப்புறம் டூல் போட்டதோட ஒப்பிட்டு, தப்பா போனத தனியா எடுத்து எனக்கு அனுப்புவாங்க, அதுலருந்து நல்லதும் கெட்டதுமா ஒரு முப்பது உதாரணத்த மாடலுக்கு குடுக்குற இன்ஸ்ட்ரக்ஷன்ல சேத்துருவேன்.

பாக்கெட்டயும் மாத்திட்டாங்க, ஓரத்துல சின்ன வெட்டு, பக்கத்துல கத்தரிக்கோல் படம். போன வாரம் ஒருத்தர் எழுதியிருந்தாரு, "படம் தெரியுது, வெட்டுதான் எங்கன்னு தெரியல, எங்கம்மாவுக்கு கண்ணாடி வேற வாங்கணும் போல". டூல் நியூட்ரல்னு போட்டுருக்கு. அந்த அக்கா செவப்புல வட்டம் போட்டு அனுப்பியிருக்காங்க.